துண்டுக்கடியில் விரல்கள்

பாலக்காட்டு மருத்துவமனையின் கிழக்குச் சன்னலில் காலை வெயில் ஏறுகிறது. எண்பத்திரண்டு வயது மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவின் வலக்கை தலையணைமேல் கிடக்கிறது. புதுக்கட்டுக்கு வெளியே வெளிறிய ஐந்து விரல்கள். வேலந்தாவளம் சந்தையில் கொம்பு கீறிய புண்ணுக்கு மாட்டு மருந்தையே தடவிக்கொண்டவர் அவர். கிருமி சதைக்குள் பரவிவிட, அழுகியதை மூன்று முறை வெட்டியெடுத்திருக்கிறார்கள். இன்றும் விரல்கள் அசையாவிட்டால் கையையே எடுக்க வேண்டும். "மடக்குங்கய்யா," என்கிறார் மருத்துவர் கிருத்திகா. ஒன்றும் அசையவில்லை. மனைவி காளியாத்தாள் கட்டில் கம்பியை இறுகப் பற்றுகிறாள். "சும்மா மடக்குன்னா எப்படி மடங்குமுங்க அம்மிணி? ஏ புள்ள, அந்தத் துண்டை எடு," என்கிறார் நாச்சிமுத்து. பிறர் காணாமல், பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையாலேயே விலை பேசும் சந்தை வழக்கப்படி, காளியாத்தாள் விரித்த துண்டு அவர் கையையும் மருத்துவரின் கையையும் மூடுகிறது. துண்டின் சிவப்புக் கரை மெல்ல நெளிகிறது. மருத்துவரின் கண்கள் விரிகின்றன. "எத்தனைங்க?" என்கிறார் நாச்சிமுத்து. "ரெண்டு விரலைப் பிடிச்சிருக்கீங்க." காளியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். "இந்தக் கெழட்டு மாட்டுக்கு ரெண்டே அதிகமுங்க," என்கிறாள். அதைக் கேட்ட நாச்சிமுத்து, துண்டுக்கடியில் மூன்றாவது விரலையும் சேர்த்துப் பிடிக்கிறார்.