மேகத்தின் வயிறு

இதை நான் நேரில் கேட்கவில்லை. செயற்கைக்கோள் தகவல்களைப் பெறும் நிலையத்தில் வேலை பார்க்கும் தோழி ரோஸ்லின் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

ஒரு மதியம், டிபன் பாக்ஸ் அளவே இருந்த ஒரு செயற்கைக்கோள் ஒரு மேகத்துக்கு மேலாகக் கடந்தது. உடனே, "பெருமழை வருது" என்று தரைக்குச் செய்தி அனுப்பியது.

அதைவிட வெகு உயரத்தில் நின்றிருந்த பெரிய செயற்கைக்கோள் சிரித்தது.

"ஏய் டிபன் பாக்ஸ்! காலையிலிருந்து அதே மேகத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சாதாரண மேகம். செய்தியைத் திருத்தி அனுப்பு."

"நீங்க அதோட தலையைத்தான் பாக்கறீங்கண்ணே. என்கிட்ட மேகத்துக்குள்ள பாக்கற ரேடார் இருக்கு. நான் வயித்தைப் பாத்தேன்."

"என்னோட ஒத்துப்போகாத பொடிசுகளைப் பழுதுன்னு எழுதித் தரையிலிருந்தே அணைச்சிடுவாங்க. தெரியும்ல?"

சிறியதற்குத் தெரியும். அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒன்றைப் போன மாதம் அப்படித்தான் அணைத்தார்கள். ஆனால் கீழே, வறண்ட ஆற்றின் மணலில் வாரச்சந்தை கூடியிருந்தது.

"அணைக்கட்டும்ணே. பாத்ததை மாத்திச் சொல்ல மாட்டேன்." அதே செய்தியை மறுபடியும் அனுப்பியது.

மூன்று நிமிடம் கழித்து, அதே பாதையில் பின்னால் வந்த இன்னொரு டிபன் பாக்ஸ் மேகத்தைப் பார்த்தது.

"வயிறு இன்னும் ஊதியிருக்கு. அவன் சொன்னது சரி. அணைக்கிறதா இருந்தா என்னையும் சேர்த்து அணைங்க" என்று தரைக்குச் சொன்னது.

பிறகு நான் சந்தை கூடிய அந்த ஊரின் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். இரண்டு செய்திகளும் ஒத்துப்போனதால் தரை நிலையம் விட்ட எச்சரிக்கையைக் கேட்டுச் சந்தைக்காரர்கள் கரையேறி முடித்தபோது மணி மூன்று பத்து. ஆற்றில் வெள்ளம் வந்தபோது மூன்று ஐம்பது.