பேச்சை நிறுத்திய நாற்காலி

“வர்ற ஆளு, பூட்டை உடைச்சது யாருன்னு கேட்டா என்ன சொல்றது?”

ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தபடியே கேட்டார் டிரைவர். எத்தனை நெரிசலிலும் பஸ்ஸை அலுங்காமல் ஓட்டுகிற மனிதர், இன்று காலையிலிருந்து வாசலுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

“நான்தான்னு சொல்லுங்க. திருடிட்டு வந்தவங்க மாதிரி ஏன் முழிக்கிறீங்க?” என்றாள் அவர் மனைவி. கணக்கு டீச்சர் அவள். வீட்டில் பேசினாலும் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும்.

உடைத்தது யார் வீட்டுப் பூட்டையும் அல்ல. அவள் உட்கார்ந்திருந்த மின்சாரச் சக்கர நாற்காலிக்குள், அதைச் செய்த கம்பெனி போட்டு வைத்திருந்த மென்பொருள் பூட்டை; கம்பெனியின் கம்ப்யூட்டர் சம்மதித்தால்தான் நாற்காலி நகரும். விபத்துக்குப் பிறகு அவளுக்குக் கால் என்றால் அந்த நாற்காலிதான்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் எங்கேயோ படுத்துக்கொண்டதில், ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் நாற்காலியும் நின்றுவிட்டது. நட்டநடு ரோடு. முன்னும் பின்னும் ஹாரன் சத்தம். எதற்கும் கலங்காதவள் அன்று வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்த கையோடு இணையத்தில் தேடினாள். இந்த நாற்காலிக்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் மென்பொருள் எழுதி, பேரைக்கூடப் போடாமல் இலவசமாக விட்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கம்பெனியுடையதைத் துடைத்துப் போட்டுவிட்டு அதை ஏற்றினாள். அதற்கப்புறம் நாற்காலி அவள் சொன்னால் ஓடியது, அவள் சொன்னால் நின்றது.

அழைப்பு மணி அடித்தது. கம்பெனி முத்திரை போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை. வந்தவர் பேருக்குக்கூடச் சிரிக்கவில்லை.

“உங்க நாற்காலி ரெண்டு மாசமா கம்பெனியோட பேசவே இல்லை மேடம்.”

“எதுக்கு சார் பேசணும்? நான் எங்க போறேன், எப்ப வர்றேன்னு கட்டின புருஷனே கேக்கறதில்லை. உங்க கம்பெனிக்கு என்ன அவ்வளவு அக்கறை?”

டிரைவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். கம்பெனிக்காரர் அதைத் தொடவில்லை. குனிந்து சக்கரங்களை ஒருமுறை பார்த்தார்.

“இடது பக்கம் திரும்பறப்ப லேசா இழுக்குதா?”

“ஆமா சார்! கரெக்டா சொன்னீங்க, ஒரு இழு இழுக்குது!” என்று முந்திக்கொண்டார் டிரைவர்.

டீச்சர் முறைத்த முறைப்பில்தான் அவருக்கு உறைத்தது. கம்பெனி பூட்டு இருந்தவரை அந்த இழுப்பு கிடையாது. வண்டிப் பேச்சு என்றால் அவருக்கு வாய் நிற்காது. இன்று அதுவே வினையாகிவிட்டது.

கம்பெனிக்காரர் லேப்டாப்பை எடுத்து நாற்காலியோடு இணைத்தார். திரையில் வரிவரியாக ஓடியதை வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்களுது இல்லை. யார் எழுதினது?”

“தெரியாது.”

“அந்த ஆளைத்தான் கம்பெனி வலை வீசித் தேடுது. பேரை மட்டும் சொல்லிடுங்க, உங்க மேல நடவடிக்கை வராது.”

“நிஜமாவே தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். என்னை நடுரோட்டுல நிறுத்தினவங்ககிட்ட, என்னைக் கிளப்பிவிட்ட மனுஷனைக் காட்டிக்கொடுக்கணுமா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசேன்மா...” டிரைவர் கெஞ்சினார்.

“ஏன் மெதுவா பேசணும்? நாற்காலி என்னுது, சாவி மட்டும் அவங்க கையிலயா? கேட்டா பாதுகாப்புன்னு கதை விடுவாங்க. யார்கிட்டேருந்து யாருக்குப் பாதுகாப்பு?”

கம்பெனிக்காரர் மறுபடி லேப்டாப் பக்கம் குனிந்தார். விரல்கள் கீபோர்டில் ஓடின. அவள் பதறிப்போய் இணைப்பு வயரைப் பிடித்தாள்.

“கையை எடுங்க மேடம். பாதியில பிடுங்கினா அப்புறம் இது எதுக்குமே உதவாது.”

கையை எடுத்தாள். வேறு வழி? மறுபடியும் அந்த நடுரோடு கண் முன்னால் வந்து நின்றது. டிரைவர் அவள் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டாள்.

வயரைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்காரர் போனை எடுத்தார். “வேலை முடிஞ்சது சார். பழசை அழிச்சுட்டு, புதுசு ஏத்திட்டேன். இனிமே நம்மகூட ஒழுங்காப் பேசும்.”

டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“நல்லாக் கேட்டுக்குங்க சார். நீங்க தெருமுனை தாண்டறதுக்குள்ள இதையும் உடைப்பேன். நீங்க பூட்டப் பூட்ட நான் உடைப்பேன். நாள் பூரா கணக்குத் தப்பாப் போடற பசங்களோட மல்லுக்கட்டற டீச்சர் நான். எனக்கு அலுக்காது. உங்களுக்குத்தான் அலுக்கும்!”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். போன் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“உடைச்சிடாதீங்க டீச்சர்... போன தடவை எழுதினப்ப, கம்பெனிகிட்ட பொய் பேச அதுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துட்டேன்.”