சிவப்புப் பெட்டி

எலக்ட்ரீஷியன் செம்மல், புதுக்கோட்டையில் ஒரு புது விடுதிக்குத் தீ அலாரம் போட்டான். அலாரம் ஒயர் போகும் குழாயும் பெட்டிகளும் சிவப்பாக இருக்கவேண்டும் என்பது விதி. அவனே பெயின்ட் அடித்தான்.

மறுநாள் காலை அவன் வீட்டுச் சுவிட்ச் பெட்டி சிவப்பாக இருந்தது. அதன்மேல் வெள்ளை அடித்தான். விடிந்தபோது மறுபடியும் சிவப்பு.

மனைவி ஷர்லி பயந்துபோனாள். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவோங்க" என்றாள்.

குன்றாண்டார்கோவிலில் அவள் அண்ணன் செபமாலை கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. பெயின்ட் அடிக்க ஆள் அனுப்புனீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

உள்ளே, பிள்ளைக்காகக் கட்டியிருந்த தொட்டிலுக்கு மேலே இருந்த சுவிட்ச் பெட்டியில் சிவப்பு இன்னும் காயவில்லை.

ஷர்லி குழந்தையை இறக்கிவிடவில்லை. "வேற எங்கிட்டாவது போவோமா?"

செம்மல் பையைக் கீழே வைத்தான்.

"அங்கிட்டும் அடிச்சிருப்பாங்க" என்றான்.