எம்புள்ளகிட்டதான் கொறை

“கொறை எம்புள்ளகிட்டதான். எம்மருமவள யாரும் ஒண்ணும் கேக்காதீங்க!”

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் இருசம்மாள் சொன்னாள். “இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்ட சொந்தக்காரி, கையிலெடுத்த அப்பளத்தை இலையிலேயே போட்டுவிட்டாள்.

பக்கத்தில் இருந்த மருமகள் ஜெயராணி தலை நிமிரவில்லை. எதிர் வரிசையில் அவள் கணவன் அருள்முருகன், பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான்.

“பெத்தவளே புள்ள மானத்த வாங்குறாளே!”

இவர்கள் கீரப்பாளையம் திரும்புவதற்குள் பேச்சு முந்திக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது.

அருள்முருகன் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். “ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்குற மச்சான், உன் வூட்டுக்கு எப்போ?” என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அவன் அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

இத்தனைக்கும் கடலூர் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“ரெண்டு பேருக்குமே ஒரு கோளாறும் இல்ல. சில பேருக்கு லேட்டாகும். ட்ரீட்மெண்ட்ட மட்டும் விட்டுடாதீங்க.”

அப்போது இருசம்மாளும் கூடத்தான் இருந்தாள். தெரிந்தே சொன்ன பொய்!

சிதம்பரம் கல்யாணத்துக்குப் போய்வந்த ராத்திரியே ஜெயராணி கேட்டாள்.

“அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன் மாமா.”

“சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, விடு.”

“உங்களுக்குக் கோவமே வராதா?”

“வந்துச்சே. பாயசத்தயே விட்டுட்டு எழுந்தேன்ல, அது என்ன சும்மாவா?”

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் இருசம்மாள் நிறுத்தவில்லை. வளைகாப்பு, காதுகுத்து என்று எங்கே போனாலும், யார் வாயைத் திறந்தாலும் அதே பதில்தான். வீட்டில் ஜெயராணியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசினவளும் இல்லை. பிள்ளையைக் கேலிப் பொருளாக்கிவிட்டு எப்படித்தான் இந்த மனுஷியால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதோ என்று ஜெயராணிக்கு உள்ளுக்குள் கொதிக்கும்.

கல்யாணமாகி எட்டாவது வருஷம், அந்தக் கடலூர் ஆஸ்பத்திரியிலேயே ஜெயராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தானே புயல் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் நிற்கிற கம்பத்தைவிட விழுந்த கம்பம்தான் ஜாஸ்தி. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. லைன்மேனுக்கு லீவு ஏது? மத்தியானம் எங்கிருந்தோ ஓடிவந்த அருள்முருகன், குழந்தையைத் தூக்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“தூக்குங்க மாமா.”

“கையெல்லாம் அழுக்கா இருக்கு ஜெயா. சாயங்காலம் குளிச்சிட்டு வந்து தூக்குறேன்.” குனிந்து பார்த்தபடியே நின்றவன், கண்ணைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன வாசலையே ஜெயராணி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை வந்திருப்பார்கள்! விடிகாலை பஸ். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவன் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போவாள். திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்கி கீழ வீதியில் இட்லியும் கொத்சும். ‘இந்தத் தடவையும் இல்லை’ என்று டாக்டரம்மா சொன்ன நாட்களில் மட்டும் அவளைக் கேட்காமலேயே இன்னொரு தட்டு சொல்வான். கொத்சு தீர்ந்ததும் சர்வரை அவன் கூப்பிடுகிற தோரணையில் அவளுக்கு அழுகை மறந்துபோகும். அழுத நாட்கள்தான். ஆனால் இப்போது நினைத்தால் அவையே இனித்தன.

அப்படிப்பட்ட மனுஷனையா அத்தை ஊர் சிரிக்க விட்டார்கள்?

காலடியில் உட்கார்ந்து இருசம்மாள் பழைய சேலையைக் குழந்தைக்குத் துணியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக ஜெயராணி அடக்கி வைத்திருந்த கேள்வி இன்று வெளியே வந்துவிட்டது.

“அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லன்னு டாக்டரம்மா உங்க முன்னாடிதானே சொன்னாங்க? அப்புறம் ஏன் அவுரு மேல பழியப் போட்டீங்க?”

இருசம்மாள் நிமிரவில்லை.

“ஒண்ணுமில்லன்னு சொன்னா ஊரு நம்புமா? யாராவது ஒருத்தர் தலைல கட்டிட்டுத்தான் அடங்கும்.”

“அதுக்காக, பெத்த புள்ளயயா?”

“அவன்கிட்ட கொறைன்னா என்ன செய்வானுங்க? நாலு நாளைக்குச் சிரிப்பானுங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. உங்கிட்ட கொறைன்னு சொல்லியிருந்தா, அவனுக்கு வேற பொண்ணு பாக்குறோம்னு வாசல்ல வந்து நின்னிருப்பானுங்கடி.”

“இந்தக் காலத்துல யாரு அத்தை அப்படியெல்லாம்...”

சேலை கிழிபடும் சத்தம் நின்றது.

“நம்ம வூட்லேர்ந்து ஒருத்தி பொட்டியத் தூக்கிக்கிட்டுத் தனியா மேல்பட்டாம்பாக்கத்து அம்மா வூட்டுக்கு பஸ் ஏறிப் போனா. சின்னம்மாள்னு பேரு. எட்டு வருஷமெல்லாம் அவளுக்கு யாரும் குடுக்கல. கட்டி மூணே வருஷம்.”

“சின்னம்மாளா? யாரு அத்தை அது?”

“உன் மாமனாரோட மொத பொண்டாட்டி” என்றாள் இருசம்மாள். “அவள அனுப்பிட்டு, வேற பொண்ணுன்னு பாத்துக் கட்டிக்கிட்டு வந்தது என்னத்தான்.”