கட்டர் தொட்ட தாள்

கணவன் வேலை செய்யும் இடத்துக்கே தேடி வந்து வழக்குப் பேசும் மனைவியைப் பீளமேட்டின் அந்தப் பட்டறை அதுவரை கண்டதில்லை.

"ஏனுங்க முதலாளி, ஒரு நிமிசமுங்க" என்றபடி நுழைந்த அன்புச்செல்வியின் ஒரு தோளில் துணிமணி அடைத்த பை தொங்கியது. கையிலிருந்த நான்கு வெள்ளித்தாள்களை அவள் முதலாளி வரதராஜுலுவின் மேசைமீது வரிசையாகப் பரப்பினாள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாள்கள்.

"உங்க மில்லிங் ஆபரேட்டரு சட்டைப் பையில, இந்த ஒரு வாரத்துல கெடைச்சதுங்க."

மில்லிங் மெஷின் அருகே நின்ற ஆல்வினின் முகம் வெளுத்தது. அடுத்திருந்த லேத்தைத் திருமூர்த்தி உடனே நிறுத்தினான். அந்த இரைச்சலில் ஒரு சொல்லையும் தவறவிட அவனுக்கு மனமில்லை.

"ஆறு மாசத்துக்கு முன்னால நெஞ்சு வலியில படுத்தாருங்க. இனி சிகரெட்டைத் தொட்டா ஆளு தேறாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. பைபிள் மேல கை வெச்சு உட்டுட்டேன்னாரு. வாசம் அடிக்குதேன்னு கேட்டா, மெஷின்ல ஆயில் புகையற வாசமுங்கறாரு. நெசமா, பொய்யா, நீங்களே சொல்லுங்க. பொய்யின்னா இப்படியே கொடுமுடிக்கு, எங்கம்மா ஊட்டுக்கு பஸ் ஏறிப்போடுவேன்."

"ஆல்வினு, இனி மூணு வேளையும் ஓட்டல்தான்" என்று திருமூர்த்தி முணுமுணுத்தான்.

வரதராஜுலு தாள்களைப் பார்த்தார். ஆல்வினைப் பார்த்தார். திங்கட்கிழமைக்குள் பள்ளம் வெட்டி அனுப்ப வேண்டிய இருநூறு மோட்டார் ஷாப்டுகளையும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, இதுக்கா அம்மணி இத்தனை ஆவேசம்? இங்க வா, ஒண்ணு காட்டறேன்."

நான்கு தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளை மில்லிங் மெஷினிடம் அழைத்துச் சென்றார்.

"ஷாப்டு உருண்டை பாரு. சுத்தற கட்டரு இது மேல எந்த எடத்துல தொடுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. குத்துமதிப்பா ஏத்துனா பள்ளம் ஆழமாப் போயி ஷாப்டு வீணு. அதுக்குத்தான் தாளு."

தாளை எண்ணெயில் நனைத்து ஷாப்டின் முதுகில் ஒட்டினார்; கட்டரைச் சுழலவிட்டார்; கைப்பிடியை மெல்ல மெல்லத் திருப்பினார். ஷாப்ட் மயிரிழை மயிரிழையாக மேலே ஏறியது. சரக்கென்று கட்டர் தாளைக் கவ்வியது. துணுக்குகள் நாலாபுறமும் பறந்தன.

"தொட்டாச்சு. இங்கிருந்துதான் பள்ளத்துக்குக் கணக்கு."

"அதுக்கு சிகரெட் பெட்டித் தாளுதான் வேணுமுங்களா?"

"இத்தனை மெல்லிசா வேற எங்க கெடைக்குது? பெட்டிக்கடையில கேட்டு வாங்கியாருவான். அது மட்டுமா? வேலை முடிஞ்ச தாளைக் கீழ போட மாட்டான் அம்மணி. மடிச்சுப் பையில வெச்சுக்குவான். அந்தச் சுத்தம் எம் பட்டறையில வேற எவனுக்கும் வராது."

சொல்லச் சொல்ல அவருக்கே அந்த ஆல்வினை மிகவும் பிடித்துப்போயிற்று. திருமூர்த்திக்கு இருமல் வந்தது.

"என்னடா?"

"ஆயில் புகைங்க முதலாளி."

அன்புச்செல்வி கணவனை ஏறிட்டாள். "அப்படிங்களா?"

ஆல்வினின் தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

"அவசரப்பட்டுப்போட்டேனுங்க. எல்லாரும் மன்னிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னவள், கணவனிடம் திரும்பினாள். "தூக்குல சோறு வெச்சிருக்கறேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க."

மேசையில் எஞ்சிய மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். ஒரு குடும்பத்தையும் இருநூறு ஷாப்டுகளையும் ஒருசேரக் காப்பாற்றிய பெருமிதத்தோடு வரதராஜுலு வாசல்வரை வழியனுப்ப வந்தார்.

உள்ளே மெஷின்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபின், அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கட்டரு தொட்ட தாளு தூள்தூளாப் போச்சுங்களே முதலாளி. எங்க ஊட்டுக்கு வந்தது மட்டும் எப்படி முழுசா வந்துச்சுங்க?"

வரதராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப... உள்ளயே கேட்டிருக்கலாமே அம்மணி?"

"கூட வேலை செய்யறவங்க முன்னால அவரை நல்லவருன்னு சொல்லிப்போட்டீங்க. அந்தப் பேரை நான் எதுக்குங்க கெடுக்கோணும்?"

பையைச் சரியாக மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தம் இருந்த பக்கம் போகாமல், வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசம் பாக்கறேனுங்க. நீங்க சொன்ன பொய்யை அவரே நெசமாக்கட்டும்."