ஓரத்தில் நிற்பவர்

நீத்தார் சாம்பலைப் பவளப்பாறையாய் வார்த்து, கூடத்துக் கடல்மீன் தொட்டியில் வைப்பதே அந்நாளில் தூத்துக்குடி வழக்கம். மற்றக் கற்களோடு பாறை அடுக்குமுன், சாம்பல் கல் எதுவென்று வீட்டார் தொட்டுக் காட்டுவார்கள். அடுக்கவந்த சேந்தனோ, பிறர் காட்டி அடுக்குவது தன் கலைக்கு இழுக்கென்று எண்ணி, கணவரை இழந்த பொற்கொடி அம்மாளை வெளியே அமரச் சொல்லிவிட்டான். மீன்கள் நுழைந்து செல்ல வளைவொன்று வேண்டிப் பெரிய கல்லை உளியால் பிளந்தான். பிளவினுள் அவள் கணவர் பெயர் பொறித்த தகடு மின்னியபோதுதான், தான் உடைத்தது அவருடைய சாம்பல் கல்லென்று தெரிந்தது.

பிளந்த துண்டுகளை வளைவாய் ஒட்டி, அவன் நீர் நிரப்பியதும் அம்மாள் வந்து கைகூப்பினாள்.

"அவியள எங்க வச்சிருக்கிய, தம்பி?"

முழுதாய் நின்ற வேறொரு கல்லைச் சேந்தன் காட்டினான். "இந்தா, நடுவுல, அம்மா."

"நடுவுலயா! சொந்தக் கல்யாணத்துலயே ஓரமா நின்ன மனுசன். வெக்கப்படுவாவ, நகட்டி வைங்க."

தலைகவிழ்ந்தபடி, யாருமற்ற அக்கல்லை இரு கைகளாலும் ஏந்தி ஓரத்தில் வைத்தான். வளைவினூடே மீன்கள் போய்வந்துகொண்டிருந்தன.

அம்மாள் ஓரத்துக் கல்லிடம் குனிந்தாள். "இப்ப சரிதானா?"

கல்லுக்குப் பதிலாகச் சேந்தன் தலையசைத்தான்.