நாற்பது பேர் கையெழுத்து

தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரோரம் விரல்நுனி அளவு டப்பா ஒன்றை ஒளித்து வைத்திருந்தார் நாகநாதன். செல்போன் வழிகாட்ட அதைத் தேடிப் பிடிப்பவர்கள், உள்ளே சுருட்டியிருக்கும் காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். அதுதான் விளையாட்டு.

இன்று போய்ப் பார்த்தால் காகிதத்தைக் காணவில்லை. வீட்டுக்கு வந்ததும், கடைசியாக அதைக் கண்டுபிடித்த ஷிஃபாவைப் போனில் பிடித்தார்.

"ஈரக் கையால இழுத்துக் கிழிச்சிட்டீங்களா? நாப்பது பேர் கையெழுத்தும்மா அது!"

"இல்ல சார், ட்வீசர்லதான் எடுத்தேன்..."

"பொய் வேறயா?" போனை வைத்தார்.

சமையலறையிலிருந்து மனைவி ஜெயா வந்தாள். "ஏங்க, போன மாசம் மழையில நனைஞ்சிருக்குன்னு கொண்டாந்து அரிசியில காய வச்சீங்களே, இந்தாங்க. நான் பாக்காட்டி உலைக்குப் போயிருக்கும்."

அவள் உள்ளங்கையில் அந்தச் சுருள். கடைசிப் பெயர், ஷிஃபா.

கூசிப்போய் மறுபடி ஷிஃபாவை அழைத்தார். அவளே முந்திக்கொண்டாள்.

"நான்தான் சரியா உள்ள வைக்கல போல சார். மன்னிச்சிடுங்க."

"இல்லம்மா, நான்தான் அரிசியில காய வச்சிட்டு மறந்துட்டேன்," என்றார்.